அவர் எழுதாமல் விட்ட கட்டம்

ஜூன் மாதம் பிறந்தால் எனக்கு இன்றும் அந்தச் சேர்க்கைப் பதிவேடுதான் நினைவுக்கு வரும். சிவப்புக் காலிகோ அட்டை போட்ட, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய புத்தகம். ராஜபாளையத்தில் நான் எழுத்தராக இருந்த பள்ளியில் அதை எழுதுவது என் வேலை. ஆனால் எங்கள் தலைமையாசிரியர் அதைத் தானே எழுதுவார். பிள்ளையின் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மச்சம் எங்கே இருக்கிறது என்பது வரை பச்சை மையில் முத்து முத்தாக எழுதிக்கொண்டு வருவார். மதம் என்ற கட்டம் வந்ததும் பேனா அதைத் தாண்டிப் போய்விடும். ஒரு பக்கம் நிறைந்ததும் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, "அந்தக் கட்டத்த மட்டும் நீங்க போட்டுருங்க கிளார்க் சார்" என்பார். நான் நீல மையில் இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் என்று போட்டுக்கொண்டே போவேன். பத்து வருஷம் இப்படித்தான் நடந்தது. அந்தப் பதிவேடுகளை இப்போது எடுத்துப் பார்த்தாலும் ஒரு கட்டம் மட்டும் வேறு கையெழுத்தில், வேறு மையில் இருக்கும்.

அவர் கிறிஸ்தவர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். நான் முஸ்லிம், ராஜபாளையத்திலேயே பிறந்து வளர்ந்தவன். பள்ளி நிர்வாகம் இந்துக்களுடையது. இப்படி ஓர் அமைப்பில் ஒருவர் ஒரு கட்டத்தை எழுதாமல் விட்டால் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? மனிதர் கழுவுற மீனில் நழுவுற மீன், நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்தால் கையெழுத்து பாயுடையது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார் என்று ஆசிரியர்கள் அறையில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் முதல் இரண்டு வருஷம் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் அவர் மற்ற எதிலும் தப்பித்துக்கொள்கிறவராக இல்லை. பள்ளியில் எல்லாரும் என்னைப் பாய் என்று கூப்பிட, அவர் ஒருவர்தான் கிளார்க் சார் என்று கூப்பிட்டார். அந்த மரியாதைக்காகவே நான் வாயை மூடிக்கொண்டு நீல மையை நிரப்பினேன்.

எங்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வருவதற்கு முன்னால் அவர் பதினோரு வருஷம் தான்சானியாவில் கணக்கு வாத்தியாராக இருந்திருக்கிறார். முதலில் எங்கள் பள்ளியில்தான் உதவி ஆசிரியராகச் சேர்ந்தாராம். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த நாட்டு அரசாங்கம் இங்கிருந்து வாத்தியார்களை ஒப்பந்தத்தில் எடுத்தபோது விடுப்பு வாங்கிக்கொண்டு போனவர், எண்பதுகளின் தொடக்கத்தில் திரும்பி வந்தார். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மனசு நன்றாக இருந்தால் அந்த ஊர்க் கதை சொல்வார். அங்கே மந்திரியிலிருந்து தோட்டக்காரர் வரைக்கும் பெயருக்கு முன்னால் உடன்பிறப்பு என்று பொருள்படும் ஒரு சொல்லைப் போட்டுத்தான் கூப்பிட வேண்டுமாம். அது அரசாங்கத்தின் உத்தரவு. நம் ஊரிலும் மேடையில் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள் என்று நான் ஒருமுறை சொன்னதற்குச் சிரித்துவிட்டார். மேடையை விட்டு இறங்கிய பிறகும் அவர்கள் அப்படியே கூப்பிட்டார்கள் என்றார்.

அந்த நாட்டு அரசாங்கம் யாரையும் மதம் கேட்காது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஏறக்குறையச் சரிசமம், யார் கூடுதல் யார் குறைவு என்று எண்ண ஆரம்பித்தால் அடிதடியில்தான் முடியும் என்று அங்கே ஆட்சி செய்தவர்கள் நினைத்தார்கள். நல்ல பள்ளிகள் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் மிஷன் கட்டியவை. அங்கே போனால் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து முஸ்லிம் வீடுகளில் பிள்ளைகளை அனுப்பாமல் இருந்திருக்கிறார்கள். அதனால் படிப்பில் ஒரு சாரார் முன்னே, ஒரு சாரார் பின்னே. அதைச் சரிசெய்யத்தான் அரசாங்கம் மிஷன் பள்ளிகளை எல்லாம் தன் கையில் எடுத்துக்கொண்டது. இனி எல்லாரும் ஒன்று, பதிவேட்டில் மதம் என்ற கட்டமே கிடையாது என்று சொல்லிவிட்டது. கட்டத்தை எடுத்துவிட்டார்கள், வாத்தியார்களை எடுக்க முடியவில்லை. இந்தக் கடைசி வரியை அவர் ஒருநாள் போகிற போக்கில் சொன்னார். எனக்கு அப்போது அது புரியவில்லை.

நான் அவரோடு வாதாடியிருக்கிறேன். இந்தக் கட்டம் இருப்பதால்தானே நம் ஊரில் ஏழைப் பிள்ளைக்கு உதவித்தொகை வருகிறது, நோட்டுப் புத்தகம் வருகிறது, அதை எழுதுவதில் என்ன பாவம் என்று கேட்டிருக்கிறேன். எழுத வேண்டியதுதான் என்று ஒப்புக்கொள்வார். "நான் எழுதப்படாதுன்னுதான் சொல்றேன், யாரும் எழுத வேண்டாம்னு சொல்லலயே" என்பார். இதற்கு மேல் என்ன கேட்பது? நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்தேன்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. கறி சாப்பிட மாட்டார். மீன், முட்டை, கருவாடு எல்லாம் உண்டு. ஆட்டுக்கறி, கோழிக்கறி என்றால் இலையை விட்டே எழுந்துவிடுவார். பள்ளி ஆண்டு விழா முடிந்து ஆசிரியர்கள் சேர்ந்து பிரியாணி போடும் நாளில் அவர் மட்டும் தயிர்ச்சோறு சாப்பிடுவார். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்பார். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மே மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விருந்தில், அவர் பெயரைச் சொல்லி நாங்கள் எல்லாரும் பிரியாணி சாப்பிட, அன்றும் அவருக்குத் தயிர்ச்சோறுதான்.

அந்த வருஷம் பக்ரீத் அடுத்த இரண்டொரு நாளிலேயே வந்தது. தொழுகை முடிந்து, கறியைப் பங்கு போட்டு, கொடுக்க வேண்டிய வீடுகளுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணி இருக்கும். வாசலில் அவர் நின்றார். பத்து வருஷத்தில் என் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும், மடித்த ஆங்கிலச் செய்தித்தாளும் இருந்தன. என் மனைவி அவசர அவசரமாக ஆட்டுக்கறி தவிர என்ன இருக்கிறது என்று தேடிச் சேமியாப் பாயசம் கொண்டுவந்து வைத்தாள். அவர் தண்ணீர் மட்டும் குடித்தார்.

செய்தித்தாள் ஒரு மாதம் பழையது. தான்சானியாவின் பெரிய நகரத்தில் பன்றிக்கறிக் கடைகளைச் சிலர் உடைத்துவிட்டார்கள், கைது நடந்திருக்கிறது என்று நாலு விரல் அகலத்துக்கு ஒரு செய்தி. பள்ளிக்கூடங்களிலும் வேலையிலும் தங்கள் பிள்ளைகள் ஒதுக்கப்படுவதாக முஸ்லிம் பிரசங்கிகள் பேசி வருகிறார்கள், கிறிஸ்தவப் பிரசங்கிகள் பதிலுக்குப் பேசுகிறார்கள் என்று கீழே இருந்தது. நான் படித்துவிட்டு, எங்கே போனாலும் இதே கதைதானா என்று மடித்து வைத்தேன். எனக்கு அப்போது இந்த மாதிரிச் செய்தி எதையும் படிக்கத் தெம்பில்லை. அதற்கு முந்தைய டிசம்பரில் வடக்கே நடந்ததற்குப் பிறகு, ஆறு மாதமாக, பதினைந்து வருஷம் பழகிய டீக்கடையில்கூட நான் உள்ளே நுழைந்தால் பேச்சு ஒரு நொடி நிற்கும். யாரும் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. அந்த ஒரு நொடிதான். அதைத் தாங்கித் தாங்கியே அலுத்துப் போயிருந்தேன்.

அவர் அதையெல்லாம் கேட்க வரவில்லை. "ஒதுக்குனாகன்னு எழுதியிருக்கான்ல, அதுல ஒரு பிள்ளைய ஒதுக்குனது நான்தான்" என்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். அரைமணி நேரம் என் முகத்தைப் பார்க்காமல், வாழைப்பழச் சீப்பைப் பார்த்தே சொன்னார்.

தான்சானியாவில் அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் ஆனாலும், நோன்புப் பெருநாள் ஆனாலும், சுதந்திர தினம் ஆனாலும் பள்ளியில் ஒரே பானையில்தான் சமையல். ஆட்டை அறுப்பது மட்டும் முஸ்லிமாக இருக்க வேண்டும். அப்போதுதான் எல்லாப் பிள்ளையும் சாப்பிட முடியும். அங்கே கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் பக்கத்து வீட்டு முஸ்லிமைக் கூப்பிட்டுத்தான் அறுக்கச் சொல்வார்களாம். கேட்டு வாங்கிய சலுகையும் இல்லை, போட்ட சட்டமும் இல்லை, பந்தியில் ஒருத்தன் பட்டினியாக எழுந்து போகக்கூடாது என்ற எண்ணம்தான். பள்ளிக்கு அறுத்துக் கொடுக்க வருபவர் சந்தையில் சைக்கிள் பழுது பார்க்கிறவர். கூலி வாங்க மாட்டார். அவருடைய மகள் அதே பள்ளியில் படித்தாள்.

அந்தப் பெண் அந்தப் பள்ளியின் கடைசி வகுப்பான ஏழாவதை முடித்த வருஷம் மேல்படிப்புக்கு மிகச் சில இடங்கள்தான். மதிப்பெண்ணோடு ஆசிரியரின் கருத்தையும் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். கடைசி இடத்துக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி தேவாலயத்தில் பைபிள் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மகள். இன்னொருத்தி இந்தச் சைக்கிள்காரர் மகள், அவளுக்கு இரண்டு மதிப்பெண் கூடுதல். மேல்படிப்புக்குப் போக வேண்டிய பள்ளி கன்னியாஸ்திரிகள் நடத்தியது, அரசாங்கம் எடுத்த பிறகும் விடுதியை அவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் தலைமையாசிரியர் யோசித்திருக்கிறார். ராஜபாளையத்தில் வாத்தியார் வேலையில் சேர்ந்த புதிதில் அவர் பார்த்த முஸ்லிம் பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகளும் நின்றுவிடுவார்கள். இந்தப் பெண்ணையும் அவள் அப்பா கன்னியர் விடுதிக்கு அனுப்பப் போவதில்லை, கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிடுவார், கிடைத்த ஓரிடமும் வீணாய்ப் போகும். இப்படி ராஜபாளையத்தில் பார்த்ததை வைத்துத் தான்சானியாவில் ஒரு பிள்ளையை அளந்துவிட்டார். உபதேசியார் மகளுக்கு மேல்படிப்புக்கு மிகவும் ஏற்றவர் என்று எழுதினார். சைக்கிள்காரர் மகளுக்கு ஏற்றவர் என்று மட்டும் எழுதினார். ஒரு வார்த்தைதான் வித்தியாசம். அந்த வார்த்தை போதுமாயிருந்தது.

முடிவு வந்த பிறகு தகப்பனார் பள்ளிக்கு வந்திருக்கிறார். சத்தம் போடவில்லை. மகளை விடுதிக்கு அனுப்ப ஒரு தகரப் பெட்டி வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னாராம். என் மகள் எதில் குறைந்துவிட்டாள், தெரிந்தால் வீட்டில் சொல்லிக் கொடுப்பேன் என்று கேட்டாராம். மதிப்பெண் போதவில்லை என்று இவர் பொய் சொல்லியிருக்கிறார். அவரும் நம்பி, நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கு அடுத்ததற்கும் வந்தார். இவர் ஊருக்குத் திரும்புகிறார் என்று பள்ளியில் விருந்து வைத்தபோதும் அந்த மனிதர்தான் வந்து ஆட்டை அறுத்தார். அறுத்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு, என் பிள்ளைக்கு நாலு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் நல்லபடியாக ஊர் போய்ச் சேரட்டும் என்று துஆ செய்தாராம். அன்றைக்கு அந்தப் பந்தியில் இவரால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை. அன்றிலிருந்து கறி இல்லை.

என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவர் அன்றைக்கு நினைத்த நினைப்பில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு, எங்கள் வீட்டுக்கும் உண்டு. அது எனக்கு உறைக்காமல் இல்லை.

அப்போது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பாய். பெருநாளும் அதுவுமா கேக்கேன்" என்றார்.

பத்து வருஷம் கிளார்க் சார் என்று கூப்பிட்டவர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஆறு மாதமாக எந்த ஊரில் எவன் எதைச் செய்தாலும் அதற்கு என் முகத்தைப் பார்க்கிறார்கள். இவருமா? "சார், நான் ராசபாளையத்துக்காரன். அந்தப் பிள்ள யாரு, நான் யாரு? அன்னைக்கும் பேரப் பாத்துத்தான் எழுதுனீக. இன்னைக்கும் பேரப் பாத்துத்தான் எங்கிட்ட வந்திருக்கீக" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. பிறகு நான் சொன்னது சரிதான் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். பாயசம் ஆறிப்போய் இருந்தது. பெருநாள் அன்று வீட்டுக்கு வந்த மனுசனை இப்படியா அனுப்புவது என்று மனைவி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்கிறார்களே, எனக்கு ஆகவில்லை.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தார். பழைய பள்ளியின் தபால் பெட்டி எண் அவருக்கு மறக்கவில்லை. சைக்கிள்காரரின் பெயருக்கு எல்லாவற்றையும் எழுதி, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். யாரிடம் கேட்கணுமோ அவரிடமே கேட்டுவிட்டேன் என்றார். வீட்டில் தெரிய வேண்டாம் என்பதால் பதிலுக்குப் பள்ளி முகவரியைக் கொடுத்திருந்தார். வந்தால் கொண்டுவந்து தரச் சொன்னார். நான் சரி என்றேன். எனக்கு அப்போது அது நல்ல காரியமாகத்தான் பட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, நான் சொன்னதைக் கேட்டு ஒரு பெரிய மனிதர் சரியானதைச் செய்திருக்கிறார் என்று.

ஐந்து மாதம் கழித்து, மழைக்காலத்தில், பதில் வந்தது. உறையில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட தபால்தலை ஒட்டியிருந்தது. அன்று மதியமே விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். அவருக்குக் கண்புரை அறுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. பச்சைத் துணியை நெற்றியிலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார். நீங்களே படிங்க என்றார். படித்தேன்.

கடிதம் மகள் எழுதியது. எளிய ஆங்கிலம், தப்பில்லாத கையெழுத்து. அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது, பள்ளியில் கடிதத்தை என்னிடம் கொடுத்தார்கள் என்று ஆரம்பித்திருந்தாள். சார் நலமாக இருக்கிறாரா, இந்தியாவில் மழை பெய்கிறதா என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள். அப்பா கடைசி வரைக்கும் சாரை நல்லவர் என்றுதான் சொன்னார் என்று எழுதியிருந்தாள். அதுவரை அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு இப்படி இருந்தது:

'எனக்கு மதிப்பெண் போதவில்லை என்று அப்பா சொன்னார். பதினாறு வருஷமாக நான் படிப்பில் மந்தம் என்றே நம்பியிருந்தேன். என் தலைதானே பிள்ளைகளுக்கும் இருக்கும் என்று மூத்த மகளைப் போன வருஷம் ஏழாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். அவள் அழுதாள். அவளுக்கு இந்த மாதம் கல்யாணம் ஆனது. இளையவள் இப்போது ஐந்தாம் வகுப்பு. அவளை நிறுத்த மாட்டேன்.'

அதற்குக் கீழே கையெழுத்து. மன்னித்தேன் என்றும் இல்லை, மன்னிக்கவில்லை என்றும் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுவும் இல்லை இது. கடிதம் போகாமல் இருந்திருந்தால் அவள் இன்னும் தன்னை மந்தம் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள், இளையவளும் நின்றிருப்பாள். இரண்டு வருஷம் முன்னால் போயிருந்தால் மூத்தவளும் படித்திருப்பாள். பதினோரு வருஷமாக இவரிடம் அந்தத் தபால் பெட்டி எண் இருந்தது. பத்து வருஷமாக நான் ஏன் என்று கேட்காமல் நீல மையை நிரப்பினேன்.

"மூத்த பிள்ளயப் பத்தி எழுதியிருக்கால்ல, அத இன்னொருக்கப் படிங்க" என்றார்.

படித்தேன். இன்னொருமுறை என்றார். படித்தேன். மூன்றாவது தடவை நான் அதைத் தாண்டி, இளையவளை நிறுத்த மாட்டேன் என்று எழுதியிருந்ததை அழுத்திப் படித்தேன். அவர் கையை நீட்டித் தடவி, என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அதில்ல. அதுக்கு முந்துன வரி" என்றார்.